மாரிக்குளிரில் நாய்கள்: வன்னியில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 டிசம்பர் இரண்டாவது வாரத்தில், மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிர் தாங்காமல் இறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விறைத்துக் கிடந்த மாடுகளைப் பார்த்தவர்கள் எவரும், வன்னிக் குளிர் உயிரை எடுக்காது என்று இனிச் சொல்லமாட்டார்கள். ஆனால் மாட்டின் சாவு கணக்கில் வருவதுபோல, முற்றத்து நாயின் சாவு கணக்கில் வருவதில்லை. நாய்க்கு உரோமம் இருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

நாயின் உடல் வெப்பநிலை சாதாரணமாக 38 பாகை செல்சியசுக்கும் 39 பாகைக்கும் இடையில் நிற்கும். நம்முடைய மார்கழி இரவில் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உலர்ந்த உடம்போடு காற்றுப் படாத இடத்தில் படுத்திருக்கும் நாய்க்கு அது பெரிய குளிர் அன்று. நனைந்த நாயின் நிலை வேறு. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். உரோமத்துக்குள் தேங்கி நின்று உடம்பைக் காக்க வேண்டிய காற்றின் இடத்தை மழைநீர் பிடித்துவிட, அதன்மேல் வாடைக்காற்றும் வீசினால், நாட்டு நாயின் குட்டையான உரோமத்தால் பயன் எதுவும் இல்லை. ஆகவே இங்கே குளிரிலிருந்து காப்பது என்பது, எல்லாவற்றுக்கும் முன்பாக, ஈரத்திலிருந்து காப்பதுதான்.

இதை மறந்துவிடுவதால்தான் சாக்கு விரித்துப் படுக்க விடுவதோடு கடமை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சீமெந்துத் தரையில் போட்ட சணல் சாக்கு ஒரே நாள் தூவானத்தில் ஊறிவிடும்; பிறகு அது நாயின் உடற்சூட்டை உறிஞ்சும் ஈரத்துணிதான். உரப்பையும் பூச்சிமருந்து வைத்திருந்த பையும் அதைவிடக் கெடுதி, ஏனெனில் அவற்றில் ஒட்டியிருப்பதை நாய் நக்கும். நான்கு கல் வைத்து அதன்மேல் பழைய பலகை போட்டு, தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி, உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினால், நாய் அதைக் கிளறித் தனக்கேற்ற குழியை அமைத்துக்கொள்ளும். வைக்கோல் ஈரமானால் அன்றே மாற்ற வேண்டும். கொட்டிலைப் பெரிதாகக் கட்டுவதும் தவறு. நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவே போதும், அப்போதுதான் அதன் சொந்தச் சூடு உள்ளே தங்கும். மாரிக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாசலைத் தென்மேற்குப் பக்கம் வைப்பது நல்லது. கூரைக்குக் கிடுகு, தகரம், தறப்பாள் எதுவும் ஆகும்.

சங்கிலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது நமக்கு நினைவிருக்கிறது. இரவில் தண்ணீர் ஏறும்போது அவிழ்த்துவிடப்பட்ட நாய் மேட்டைத் தேடிப் போகும். கட்டிய நாய் நின்ற இடத்திலேயே நிற்கும். வெள்ளம் வராத நாட்களிலும், காற்றின் திசை மாறிச் சாரல் அடிக்கும் போது ஒதுங்க முடியாதபடி அதைக் கட்டிவைப்பது கொடுமை. கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தாழ்வாரத்துக்குள், சுவரோரமாகக் கட்டலாம். குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்த இரவில் எந்த நாயும் கட்டப்பட்டிருக்கக் கூடாது.

சூடேற்றும் முயற்சியே ஆபத்தாக முடிவதும் உண்டு. அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுக்கும் நாயை நாம் விட்டுவிடுகிறோம், அடியில் தணல் கிடக்கிறதா என்று பார்ப்பதில்லை. கதவடைத்த அறைக்குள் சிரட்டைக்கரித் தணல் வைத்தால், மணமில்லாத காபனோரொட்சைட்டு வாயு நாயை மட்டுமன்றி மனிதரையும் கொல்லும். சாராயம் பருக்கினால் சூடு வரும் என்பது தவறான எண்ணம். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது, அதோடு நாய்க்கு நஞ்சும் ஆகிறது. கற்பூரம் கலந்த தைலங்களைப் பூசுவதும், நடுங்கும் நாய்க்குப் பனடோல் கொடுப்பதும் அதே வகைதான். பனடோலில் உள்ள பரசிற்றமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கக்கூடியது. வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: எஞ்சின் சூட்டுக்காகக் குட்டிகள் உழவு இயந்திரத்தின் அடியிலும் காரின் அடியிலும் படுத்துறங்குவதால், விடியற்காலையில் இயக்குவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும்.

மாரியில் ஈன்ற குட்டிகளின் சாவுதான் என் மனதை மிகவும் வருத்துவது, ஏனென்றால் அவற்றில் பல அன்பினாலேயே நேர்கின்றன. முதல் வாரத்தில் குட்டியால் நடுங்கக்கூட முடியாது. தன் சூட்டைத் தானே உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. அந்த வாரத்தில் அதைச் சுற்றி 29 முதல் 32 பாகை வரை வெப்பம் இருக்க வேண்டும், அதைத் தருவது தாயின் வயிறு. விறகடுக்கின் கீழ் குளிர்ந்து கிடக்கும் குட்டியைக் கண்டதும் நாம் உடனே பால் பருக்குகிறோம். குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது, விழுங்கும் வலுவும் இருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் துடைத்து, நெஞ்சோடு அணைத்தோ, சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிய போத்தலின் அருகே வைத்தோ மெதுவாகச் சூடேற்ற வேண்டும். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்த பிறகே பால். அதையும் மல்லாத்திப் பிடித்துப் பருக்காமல், வயிற்றில் படுக்கவைத்துப் பருக்க வேண்டும்.

குளிப்பாட்டுவதை வெயில் எறிக்கும் நாளின் முற்பகலுக்குத் தள்ளிவைக்கலாம். சொறி பிடித்த நாய்க்குக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் அடியோடு கைவிட வேண்டியது. நாய் அதை நக்கி நஞ்சை உட்கொள்கிறது, உரோமமும் ஒட்டிப்போய்க் குளிரைத் தடுக்கும் தன்மையை இழக்கிறது. மிருக வைத்தியரிடம் சொறிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

மழைக்காலத்தில் தண்ணீர் வைக்கத் தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. சுத்தமான தண்ணீர் கிடைக்காத நாய் தேங்கிய நீரைக் குடிக்கும், அதில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மனிதர்களின் உயிரையும் எடுத்த நோய் இது. நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் இதற்கான பாதுகாப்பும் உண்டு. மாரி தொடங்குமுன் போட்டுவிடுவது நல்லது. வெளியில் படுக்கும் நாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவைக் கூட்ட வேண்டும், இரவில் ஒருவேளை சோறு கட்டாயம்.

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாயின் நடுக்கம் திடீரென நின்று, அது தள்ளாடவோ அழைத்தும் எழும்பாமல் கிடக்கவோ செய்தால், தேறிவிட்டது என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. உடல் சூட்டை உண்டாக்கும் முயற்சியைக் கைவிடுகிறது என்பதே அதன் பொருள். உடனே துவாயால் உரோமத்தின் அடிவரை துடைத்து, உலர்ந்த போர்வையில் சுற்றி, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல்களைக் கால்களில் அல்லாமல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அருகே வைத்து, மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். 37 பாகைக்குக் குறைவாகக் காட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் அந்தப் போர்வையோடே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.