ஒரே காயம், ஐந்து செய்தி: எப்படிப் படிப்பது?

ஒரு வீரருக்கு அடிபட்டது என்றதும், கைக்குக் கிடைத்த முதல் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தமிழ் நாளிதழ், ஒரு ஆங்கில நாளிதழ், அணியோ கிரிக்கெட் வாரியமோ வெளியிட்ட அறிக்கை, இந்த மூன்றையாவது பாருங்கள். நான் திருவல்லிக்கேணியில் பி.டி. டீச்சர். சேப்பாக்கத்தில் சிக்ஸர் போனால் எங்கள் தெருவில் சத்தம் கேட்கும். என் பிள்ளைகள் வலியைப் பல்லைக் கடித்து மறைக்கப் பழகுவது இந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்துத்தான். அதனால் இதை அவர்களுக்கு ஒரு பாடமாகவே நடத்துகிறேன்.

2025 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் கேப்டனாக இருந்த ருதுராஜ் கெய்க்வாடுக்கு அடிபட்டதை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுவது. மார்ச் 30, குவாஹாட்டியில் ராஜஸ்தான் அணியின் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து கையில் பட்டது. ஏப்ரல் 5, சேப்பாக்கத்தில் டெல்லிக்கு எதிராக ஆடினார். 8, பஞ்சாபுக்கு எதிராகவும் ஆடினார். 10, முழங்கையில் எலும்பு முறிவு, இனி இந்தத் தொடரில் இல்லை என்று அறிவிப்பு வந்தது. இப்போது உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு செய்தியையும் அது வெளியான தேதிக்கு நேராக வையுங்கள். ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றிய செய்திகளில் பாதி, வெவ்வேறு நாளில் எழுதப்பட்டவை என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, பென்சில் எடுத்து ‘யார் சொன்னது’ என்ற இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்று பேட்டிங் பயிற்சியாளர் மைக் ஹஸ்ஸி, ருதுராஜ் ஆடுவது உறுதியில்லை, வலைப்பயிற்சியைப் பார்த்துத்தான் முடிவு என்றார். கேப்டன் யார் என்ற கேள்விக்கு, ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு இளம் கீப்பர் இருக்கிறாரே என்று மூத்த வீரர் தோனியை வைத்து வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். அன்று மாலைக்குள் ‘தோனி மீண்டும் கேப்டன்?’ என்று ஊரே பேசியது. மறுநாள் டாஸுக்கு வந்தவர் ருதுராஜ். 10ஆம் தேதி தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் பேசியதில்தான் மருத்துவத் தகவல் இருந்தது: எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் முறிவு தெரிந்தது. முழங்கையை ஒட்டிய பகுதியில் மெல்லிய விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது மருத்துவத்தில் நடப்பதுதான். இந்த ஒரு வரி இல்லாத செய்தியைப் படித்தவருக்கு, முறிவு தெரிந்தே அவரை ஆடவிட்டார்கள் என்றுகூடத் தோன்றும்.

கோடு போடும்போது இன்னொன்றும் கண்ணில் படும். நான்கைந்து தளங்களில் ஒரே வாக்கியம் அச்சு பிசகாமல் இருக்கும். எல்லாம் ஒரே செய்தி முகமையின் பிரதி. அதை ஐந்து சாட்சியாக எண்ணாதீர்கள், ஒன்றுதான்.

தலைப்பைக் கடைசியில் படியுங்கள். 10ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு சென்னையில் பெரிய எழுத்தில் வந்தது, ருதுராஜுக்குப் பதில் தோனி கேப்டனானதுதான். முழங்கை அதற்கு அடுத்துதான். மும்பை வாசகருக்கு முக்கியம், மாற்றாக வந்த 17 வயது மும்பைப் பையன் ஆயுஷ் மாத்ரே. இதில் தப்பில்லை, அவரவர் ஊருக்கு எது பெரிதோ அதை மேலே வைக்கிறார்கள். ஆனால் அடிபட்டவரின் கை எந்தப் பத்தியில் வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று வந்தால் உடனே பொய் என்றும் ஒதுக்கக் கூடாது. 2025 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்ட்டில் இந்திய விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த்தின் வலது பாதத்தில் பந்து பட்டது. பாதத்தில் முறிவு, ஆறு வாரம் ஓய்வு என்று மறுநாள் காலை வட்டாரச் செய்தி வந்தது. பிறகு வாரியம், ஜுரெல் கீப்பிங் செய்வார், தேவைப்பட்டால் பந்த் பேட் செய்வார் என்றது. அவர் நொண்டி நொண்டி வந்து 54 ரன் எடுத்தார். அப்படியானால் வட்டாரம் சொன்னது தவறா? இல்லை. முறிவு உண்மை, அடுத்து நடந்த ஓவல் டெஸ்ட்டில் அவர் இல்லை, மாற்றாக அணியில் சேர்க்கப்பட்டவர் நம் தமிழ்நாட்டின் ஜெகதீசன். வாரியம் சொன்னதும் உண்மை. ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் என்ன காயம், இன்று ஆடுவாரா, எப்போது திரும்புவார் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். திரும்பும் தேதியைச் சொல்வது மருத்துவக் குழு இல்லையென்றால் அது வெறும் கணிப்பு.

பந்த் இறங்கி வந்ததை எல்லோரும் வீரம் என்று எழுதினார்கள். அது வீரம்தான், எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுகிறவர்கள், அவர் ஸ்கேன் எடுத்து, மருத்துவர்கள் பார்த்த பிறகே பேட்டைத் தொட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தலைப்பில் வராது. என் கபடிப் பெண்கள் கணுக்கால் வீங்கினாலும் ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.

சில மாதம் கழித்து, அதே வீரர் திரும்பி ஆடிய செய்தியையும் தேடிப் படியுங்கள். ருதுராஜ் ஆகஸ்ட்டில் புச்சி பாபு போட்டியில் மகாராஷ்டிராவுக்காக, இங்கே சென்னையிலேயே, சதம் அடித்தார். அதையும் அந்தத் தாளில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.