மகளின் கையொப்பம் அனுமதி அல்ல

குடும்பத்தோடு சேர இங்கிலாந்து போய், அங்கே பராமரிப்பு இல்லங்களில் வேலை தேடவிருக்கும் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சியில் வகுப்பெடுக்கிறேன். மருந்து மாறாமல் கொடுப்பதையும் முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்குவதையும் எவரும் சொல்லித்தருவார்கள். முதியவரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பதில் செய்யும் தவறுகளை, நான் அங்கே பட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளை கையொப்பமிட்டால் போதும் என்பது

போன கிழமை கேட்டேன்: மறதி நோயுள்ள ஐயா ஒருவர் வெளியே போக எழுகிறார், கதவு பூட்டியிருக்கிறது, பூட்ட அனுமதித்தது யார்? வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "மூத்த மகன்." எரிச்சல் வந்தது. வன்னியில் படலைக்குக் கொளுக்கி போடுவது மூத்தவரின் முடிவுதான். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் விமானம் ஏறினேன்.

நான் வேலை செய்த இல்லத்தில் ஒரு முதியவர் மாலையானால் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். கதவில் இலக்கப் பூட்டு. "உங்கள் மகள் கையொப்பமிட்டிருக்கிறார்" என்று திருப்பி அனுப்புவேன். மாதக்கணக்காக இதே கதை. ஒருநாள் உள்ளூராட்சி மன்றத்திலிருந்து வந்த பெண், "அனுமதி எங்கே?" என்றார். பெருமையோடு மகளின் தாளை நீட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அத்தனை மாதமும் அந்த மனிதரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்திருந்தோம். இல்லம் இழப்பீடு கட்டியது.

தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கான 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின் கீழ், இப்படி ஒருவரை அடைத்துவைப்பது தொடர்பான காப்பு ஏற்பாடுகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இல்லம் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூராட்சி மன்றம் ஆறு மதிப்பீடுகளைச் செய்வித்து, கூடியது 12 மாதங்களுக்கு அனுமதி தரும். அவசரமென்றால் இல்லம் தானே 7 நாட்களுக்கு அனுமதித்துக்கொள்ளலாம், ஆனால் விண்ணப்பமும் கூடவே போக வேண்டும். மகளிடம் நலன் தொடர்பான அற்றோர்ணித் தத்துவம், அதாவது தகப்பனுக்காக முடிவெடுக்கும் சட்டபூர்வ அதிகாரம், இருந்தால் அவர் மறுத்துத் தடுக்கலாம். பூட்டச் சொல்ல அவராலும் முடியாது.

எங்கள் முதியவருக்குக் கிடைத்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: தினமும் ஒருவர் துணையோடு வெளியே நடக்க வேண்டும். தெருமுனை வரை போவார், களைத்துப்போய்த் தானே திரும்புவார். அவ்வளவுக்குத்தான் அத்தனை மாதம் மல்லுக்கட்டினேன்.

"அவர் எதிர்க்கவில்லையே"

இந்த ஏற்பாடு பிறந்ததே எதிர்க்காத ஒருவரால்தான். 1997இல், பேச முடியாத ஒருவர் முரண்டுபிடிக்கவில்லை என்பதற்காக எந்த முறையான நடைமுறையும் இல்லாமல் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அவரைப் பராமரித்துவந்தவர்கள் வீட்டுக்குக் கேட்டும் விடவில்லை. அது உரிமை மீறல் என 2004இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்க்கிறாரா என்பதை அல்ல, தொடர்ச்சியான மேற்பார்வையும் கட்டுப்பாடும் உண்டா, விட்டுப்போக முடியுமா என்பதையே பார்க்கவேண்டும் என்றது பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு செஷயர் வெஸ்ட் தீர்ப்பு. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்த சனத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அதற்கும் நலன்புரி முகாம் என்றுதான் பெயர்.

அனுமதி இருந்தால் ஊசியும் போடலாம் என்பது

போட முடியாது. சிகிச்சைக்கான முடிவு வேறு.

அனுமதி முடிவடையும் திகதியை மறப்பது

நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

"வீட்டுக்குப் போகவேண்டும்" என்பதைப் புலம்பல் என்று பதிவது

அது ஆட்சேபம். அவர் சொன்ன சொல்லையே நேரத்தோடு எழுதி, அனுமதியோடு அவருக்கென நியமிக்கப்பட்ட பிரதிநிதியிடம் அன்றே சொல்லுங்கள். மனத்திறன் சட்ட வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்பு நீதிமன்றத்தில் (Court of Protection) அந்த அனுமதியை எதிர்க்க அவருக்கு உரிமை உண்டு.