'கேரி' விசிலை நிறுத்தியது இப்படித்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் 'கேரி' விசில் விழும், அதாவது பந்தைத் தட்டும்போது கையில் ஏந்திவிட்டாள் என்று நடுவர் நிறுத்துவார். "பந்தை உயரமா தட்டாதே" என்றே எல்லாரும் சொன்னார்கள். உயரம் குற்றமே இல்லை. ஃபிபா (FIBA) எனும் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதியில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. கை பந்தின் பக்கவாட்டில் படுவதும் குற்றமில்லை. பந்து கையில் தங்கிவிட்டால் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, முடிந்தது. அப்புறமும் தட்டினால்தான் மீறல். பந்து எதிரணிக்குப் போகும்.

கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. திசை மாற்றும்போதுதான் உள்ளங்கை பந்துக்கு அடியில் போய், தட்டில் வைத்ததுபோல் ஒரு கணம் ஏந்தியது. சரி, திருப்பத்தை மட்டும் மாற்றினோம். முழங்காலை மடக்கி, பந்தைத் தாழ்வாக வைத்து, விரல்களால் பக்கவாட்டில் தள்ள வேண்டும்; உள்ளங்கை மேலே பார்க்கக் கூடாது. முதலில் நின்றபடி, பிறகு நடந்து, கடைசியில் ஓடி. பழைய பழக்கம் அவசரத்தில்தான் எட்டிப் பார்க்கும், அப்போது வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். இப்போது அவள் திரும்பும்போது விசில் வருவதில்லை. அவள் தம்பிக்கும் இதே பழக்கம். அடுத்து அவன் முறை.