மூன்று மில்லிகிராமில் சறுக்கும் இடம்: பேட்டரி ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூரிலும் சரி, ஆந்திரச் சித்தூரிலும் சரி, வீட்டில் தமிழ் பேசி, வெளியே மலையாளமோ தெலுங்கோ பேசி வளர்ந்த பிள்ளைகள் பலர் வேதியியலும் இயற்பியலும் படிக்கிறார்கள். பேட்டரி ஆராய்ச்சி அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பாலக்காடு, திருப்பதி ஐ.ஐ.டி.கள் இரண்டும் 2015-இல் தொடங்கியவை. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் மத்திய ஆய்வகம் இருக்கிறது. சேர்ந்த பிறகு எங்கே தவறுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, அளப்பதில்தான் தவறுகிறார்கள்.

முதல் சறுக்கல் தராசில். ஆய்வகத்தில் எல்லோரும் செய்வது சி.ஆர். 2032 காயின் செல், அதாவது நாணயம் போன்ற சிறு பேட்டரி. அதற்கு, பொருள் பூசிய தகட்டில் 14 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டுகிறீர்கள். பரப்பு 1.54 சதுர செ.மீ. அடியில் இருக்கும் 15 மைக்ரான் அலுமினியத் தகடே சுமார் 6.2 மி.கி. வரும். மேலே உள்ள காய்ந்த பூச்சு 3.9 மி.கி. என்றால், 80:10:10 கலவையில் (மின்னைச் சேமிக்கும் பொருள், கரி, பசை) வேலை செய்யும் பொருள் வெறும் 3.1 மி.கி. இப்போது ஒரே ஒரு வெறுந்தகட்டை நிறுத்து 6.4 என்று எழுதிக்கொண்டீர்கள் என்று வையுங்கள். பூச்சு 3.7 ஆகிவிடும். உண்மையில் கிராமுக்கு 155 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு தந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் 163 தந்ததாகக் கணக்கு வரும். அந்தப் பொருளின் கோட்பாட்டு உச்சமே 170. சாதாரணப் பொருள் ஒரே நாளில் அபாரப் பொருள் ஆகிவிடுகிறது. வேறொருவர் அதே பொருளைச் செய்து பார்க்கும்போது அந்த எண் வராது. அப்போது போவது உங்கள் பெயர்.

இதற்கு வழி எளிது. அதே சுருளில், அதே வெட்டுக்கருவியில் பத்து வெறுவட்டங்கள் வெட்டுங்கள். 0.01 மி.கி. வரை காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துச் சராசரி எடுங்கள். ஏற்ற இறக்கத்தையும் நோட்டில் எழுதுங்கள். பூச்சைத் தடிமனாக்கினால் இந்தப் பிழையின் பங்கு தானே குறையும். வெட்டுக்கருவி மழுங்கியிருந்தால் விளிம்பில் பிசிறு நிற்கும். எடையும் கெடும், இரு முனைகளும் தொடாமல் இடையில் வைக்கும் பிரிப்பானைப் பிசிறு குத்தி செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டும் ஆகும்.

அடுத்தது ஈரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கமும் காற்றே நனைந்திருக்கும். செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் துளி ஈரம் பட்டாலும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை விடும். அது நேர்முனைப் பொருளை அரிக்கும். பூசிய தகட்டை வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் 12 மணி நேரம் காய வையுங்கள்; எடுத்ததும் மேசையில் ஆறப்போடாமல் நேராகக் குளோவ் பாக்ஸின் (கையுறை வழியே வேலை செய்யும், ஆர்கான் நிரப்பிய மூடிய பெட்டி) முன்னறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மூன்று முறையாவது காற்றை உறிஞ்சி ஆர்கான் நிரப்ப வேண்டும். உள்ளே ஈரமும் ஆக்சிஜனும் 1 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும். பாலிஎத்திலீன் பிரிப்பானை அதே 120 டிகிரியில் வைத்துவிடாதீர்கள், சுருங்கிவிடும். 60 டிகிரி போதும். ஆர்கானுக்குப் பதில் விலை குறைந்த நைட்ரஜன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, லித்தியம் நைட்ரஜனோடும் வினைபுரிந்து கறுத்துப்போகும்.

நிக்கல் மிகுந்த நேர்முனைப் பொருளான என்.எம்.சி. 811 (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) பொடியைத் திறந்து வைத்தால் வேறொரு தொல்லை. காற்றில் உள்ள ஈரமும் கரியமில வாயுவும் பட்டு, மேற்பரப்பில் லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் படியும். அந்தக் காரம், பூச்சைத் தகட்டில் ஒட்டவைக்கும் பி.வி.டி.எஃப். பசையைத் தாக்கும். காலையில் தோசை மாவு பதத்தில் இருந்த கலவை சாயங்காலம் ராகிக் களியாக இறுகிக் கிடக்கும். கரைப்பானை இன்னும் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கலவையைக் கழித்துவிட்டு, மூடி காத்த பொடியில் புதிதாகத் தொடங்குங்கள்.

மூன்றாவது தவறு, அரைச் செல் முடிவோடு நின்றுவிடுவது. அது பல ஆய்வேடுகளிலேயே இருக்கிறது, அதனால்தான் இதைத் தவறென்றே பலர் எண்ணுவதில்லை. அரைச் செல்லில் எதிர்முனைக்கு வைக்கும் 0.5 மி.மீ. லித்தியத் தகட்டில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 100 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிறது. மேலே சொன்ன பூச்சுக்கு வேண்டியது 0.3 மட்டுமே. முந்நூறு மடங்கு உபரி! மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 1 சதவீத லித்தியம் வீணானாலும் வரைபடம் தட்டையாகவே ஓடும். உபரி இல்லாத முழுச் செல்லில் அதே இழப்பு 100 சுற்றில் கொள்ளளவை 37 சதவீதத்துக்கு இறக்கிவிடும். எலக்ட்ரோலைட்டும் அப்படித்தான். காயின் செல்லில் 60 மைக்ரோலிட்டர் விட்டால், ஒரு ஆம்பியர்-மணிக்குக் கணக்குப் போட்டால் 150 கிராமைத் தாண்டும்; தொழிற்சாலைச் செல்லில் அது இரண்டு மூன்று கிராம்தான். ஆகவே அரைச் செல் முடிவோடு நிற்காதீர்கள். பூச்சைச் சதுர செ.மீ.க்கு 10 மி.கி.க்கு மேல் ஏற்றி, கிராஃபைட்டை எதிரே வைத்து, எதிர்முனைக் கொள்ளளவை நேர்முனையைவிடச் சுமார் 10 சதவீதம் மட்டும் கூட வைத்து ஓட்டுங்கள். எண்கள் குறையும். குறைந்த அந்த எண்ணைத்தான் தொழிற்சாலைக்காரர் நம்புவார்.

ஒரே செல்லின் முடிவை எழுதுவதும் தவறு, குறைந்தது மூன்று வேண்டும். கொள்ளளவு வரைபடம் 24 மணிக்கொரு முறை அலைபோல் ஏறி இறங்கினால் பொருளில் மர்மம் தேடாதீர்கள். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும்தான் அது. செல்களை 25 டிகிரிப் பெட்டியில் வையுங்கள், சோதனைக் கருவிக்கு யு.பி.எஸ். கொடுங்கள்.

வேலை தேடும்போது, புதுப்பொருள் கண்டுபிடித்தவருக்கு மட்டுமே மதிப்பு என்று நினைத்துத் தொழிற்சாலைப் பக்கமே போகாமல் இருக்கிறார்கள். கலவையின் பாகுநிலை, பூச்சு காயும் வேகம், உருளையில் அழுத்தும் அளவு இவற்றைத் தெரிந்தவரைத்தான் செல் தயாரிப்பாளர்கள் தேடுகிறார்கள். எல்லைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. பூச்சு இயந்திரத்தில் நிற்கும் அண்ணனிடம் அவர் மொழியிலேயே கேட்கலாம். ஓரத்தில் பூச்சு ஏன் தடிக்கிறது என்பது எந்தப் பேராசிரியரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தில் ‘உயர்செயல்திறன் பொருள்’ என்று எழுதுவதைவிடப் பூச்சின் எடை, எலக்ட்ரோலைட்டின் அளவு, எத்தனை செல் ஓட்டினீர்கள் என்பதை எழுதுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. லித்தியத் துண்டு தீப்பிடித்தால் தண்ணீரும் கூடாது, கரியமில வாயு அணைப்பானும் கூடாது. உலோகத் தீக்கான டி வகுப்புப் பொடிதான். கலவையில் ஊற்றும் என்.எம்.பி. கரைப்பான் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது, ஆகவே ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்கு (ஃப்யூம் ஹுட்) வெளியே அதைத் திறக்காதீர்கள். எலக்ட்ரோலைட் கையாளும் இடத்தில், ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.