குமரி மாவட்டத்தில் முதியோருக்கு நிமோனியா தடுப்பூசி முகாம்: நடத்தும் முறை

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் முதியோர் இல்லை. அதனால் தேவாலயப் பங்கோ ஊர்க்கமிட்டியோ மருந்தை வாங்கி, மருத்துவர் மேற்பார்வையில் முகாம் நடத்த வேண்டியிருக்கிறது.

65 வயது தாண்டிய எல்லாரையும் பட்டியலில் சேருங்கள். வயது குறைவானாலும் சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் பீடி குடிப்பவர்களையும் விடாதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலருக்கு யார் வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியும். குளச்சல், முட்டம் பக்கம் அன்பியக் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழு) கூட்டங்களில் சொன்னால் வீடுவீடாகச் செய்தி போய்விடும். குலசேகரம், அருமனைப் பகுதியில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் காலையில் வரமாட்டார்கள், பிற்பகலில் வையுங்கள். ஜூன் மழைக்கு முன்பே முடிப்பது நல்லது.

பெரும்பாலும் தவறு நடப்பது எந்த ஊசி என்பதில்தான். பிசிவி, பிபிஎஸ்வி என இரண்டு வகை நியூமோகாக்கல் ஊசி உண்டு; கூட வரும் எண், அது தடுக்கும் கிருமி வகைகளின் எண்ணிக்கை. பிசிவி 13 அல்லது 15 போட்டால், ஓராண்டு கழித்து பிபிஎஸ்வி 23 போட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு ஓராண்டு காத்திராமல் 8 வாரம் கழிந்ததுமே போடலாம். பிசிவி 20 என்றால் ஒன்றே போதும். முன்பு பிபிஎஸ்வி 23 மட்டும் போட்டவருக்கு ஓராண்டு கழித்து பிசிவி. “நிமோனியா ஊசி போட்டாச்சு” என்று வாயால் சொல்வதை நம்பாமல் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி கேரியரில் வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். பேக் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வையுங்கள். ஒருமுறை உறைந்த மருந்து இளகினாலும் உதவாது. பிசிவியை ஒரே சீரான வெள்ளையாகும்வரை நன்றாகக் குலுக்க வேண்டும்; பிபிஎஸ்வி 23 தெளிவாகவே இருக்கும்.

அளவு 0.5 மி.லி., மேல்கைத் தசையில். கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்குப் போடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரை மருத்துவர் முதலில் பார்க்கட்டும். அவருக்கு மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் 2 நிமிட அழுத்தம். ஃப்ளூ ஊசியை அன்றே மறுகையில் போடலாம். எல்லாரையும் 30 நிமிடம் உட்காரவைத்து, கடும் ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

ஊசியின் பெயர், பேட்ச் எண், அடுத்த தேதி மூன்றையும் அட்டையிலும் பதிவேட்டிலும் எழுதுங்கள். கூடவே ஒரு போன் எண். வளைகுடாவில் இருக்கும் மகனுடைய எண்ணை எழுதிவைத்து, அடுத்த ஆண்டு கூப்பிட ஆளில்லாமல் போகக்கூடாது. பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவரின் எண்ணை வாங்குங்கள்.