ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் மூல ஊரைக் கண்டறிவது எப்படி? ‘ஆக்ராய்ட்’ பெயரை வைத்து ஒரு செய்முறை

ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் கணிசமானவை ஊர்ப்பெயர்களிலிருந்து வந்தவை. அவற்றுள் பல, ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், தாம் தோன்றிய வட்டாரத்தை விட்டு வெகுதூரம் நகரவில்லை. அத்தகைய ஒரு பெயர் எங்கே தோன்றியது என்பதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதிவுகளைக் கொண்டே கண்டறியலாம். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயருக்குரிய ஆக்ராய்ட் என்னும் பெயருக்கு நான் பின்பற்றிய வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: பெயரின் பொருள்

ஆக்ராய்ட் என்றால் ஓக் மரங்கள் நின்ற இடத்தில் காடு திருத்திய நிலம் என்று பொருள். பெயரின் பின்பகுதியான ‘ராய்ட்’ மேற்கு யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. ஹோல்ராய்ட், மர்கட்ராய்ட், பூத்ராய்ட் என இதே ஈற்றுடன் முடியும் பெயர்கள் அப்பகுதியில் பல உண்டு. 1992 முதல் 2000 வரை பிரிட்டிஷ் மக்களவையின் சபாநாயகராக இருந்த பெட்டி பூத்ராய்ட் அங்குள்ள டியூஸ்பரியில்தான் பிறந்தார்.

பொருள் அறிவதற்கு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2016-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட குடும்பப்பெயர் அகராதியையே பரிந்துரைப்பேன். ‘உங்கள் குடும்பப்பெயருக்கு உரிய கேடயச் சின்னம்’ என்று விற்கும் தளங்களின் பக்கமே போக வேண்டாம். அச்சின்னங்கள் தனிமனிதர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டவை. ஒரு பெயரைத் தாங்கிய எல்லாருக்கும் பொதுவானவை அல்ல.

படி 2: எழுத்து வேறுபாடுகள்

தேடலைத் தொடங்கும் முன் எழுத்து வடிவங்களைப் பட்டியலிட்டுக் கொள்ளுங்கள். ஆக்ராய்ட் என்பதைச் சிலர் ‘சி’, ‘கே’ இரண்டும் இட்டு எழுதினர். ஹாலிஃபாக்ஸில் கம்பளித் துணி ஆலைகளை நடத்தி, தொழிலாளர்களுக்காக ஆக்ராய்டன் என்னும் மாதிரிக் குடியிருப்பை எழுப்பிய எட்வர்ட் ஆக்ராய்ட் ‘கே’ மட்டும் இட்டார். இடையில் ‘ஒய்’ சேர்த்தவர்களும் உண்டு. மலைத்தொடரைத் தாண்டி லங்காஷயருக்குள் சென்ற ஒரு கிளை ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்கி எக்ராய்ட் என்று எழுதியது; 1880-களில் பிரஸ்டன் தொகுதி உறுப்பினராக இருந்த வில்லியம் ஃபாரர் எக்ராய்ட் அப்பெயரைத் தாங்கியவர்.

ஒத்த ஒலியுள்ள பெயர்களைத் திரட்டித் தரும் சவுண்டெக்ஸ் முறையை இங்கே முழுவதும் நம்ப வேண்டாம். அம்முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், மற்ற வடிவங்கள் எல்லாம் ‘ஏ263’ என்ற குறியீட்டில் சேர, எக்ராய்ட் மட்டும் ‘ஈ263’ என்று தனியே நின்றுவிடும். அதைத் தனியாகத் தேடுங்கள்.

படி 3: 1881 கணக்கெடுப்பு

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1881 ஏப்ரல் 3 இரவில் யார் எந்த வீட்டில் இருந்தார் என்ற பதிவு முழுவதையும் தன்னார்வலர்கள் படியெடுத்திருக்கிறார்கள். அது ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டணத் தளங்களும் இதே தரவை வைத்திருக்கின்றன என்பதால், இந்தப் படிக்காகப் பணம் கட்டத் தேவையில்லை.

மாவட்டவாரியாக எண்ணிக்கை எடுத்தவுடன் வரைபடம் வரைந்துவிடாதீர்கள். அன்றைய லங்காஷயரில் சுமார் 34 லட்சம் பேர் இருந்தனர். ரட்லாண்டில் சுமார் 21 ஆயிரம் பேர். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் எந்தப் பெயருக்கும் லங்காஷயரும் லண்டனுமே தாயகமாகத் தோன்றும். எனவே லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுக்க வேண்டும். வகுத்தால் எதிர்ப்புறத்தில் வேறொரு பிழை காத்திருக்கும். ஒரு பேச்சுக்கு, லங்காஷயரில் 100 பேரும் ரட்லாண்டில் பத்துப் பேர் கொண்ட ஒரே குடும்பமும் இருந்தால், முன்னதற்கு லட்சத்துக்கு 3 என்றும் பின்னதற்கு 46-க்கு மேல் என்றும் விடை வரும். ஒரு குடும்பம் வேலை தேடிக் குடிபெயர்ந்தாலே ஒரு மாவட்டம் தாயகமாகிவிடும்.

இதற்கு விடை, பிறந்த ஊரைக் குறிக்கும் பத்தியில் இருக்கிறது. வயது 60-க்கு மேற்பட்டவர்களை மட்டும் விரிதாளில் பிரித்தெடுத்து, அவர்கள் பிறந்த ஊரை வைத்து எண்ணுங்கள். 1821-க்கு முன் பிறந்த அவர்கள், பயணிகள் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னிருந்த இங்கிலாந்தைக் காட்டுவார்கள். ஆலை வேலைக்காகப் பிராட்ஃபோர்டில் குடியேறிய ஒரு முதியவரும் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே சொல்லியிருப்பார். என் அனுபவத்தில், ஆயத்தமாகக் கிடைக்கும் வண்ண வரைபடங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு பட்டியல் பயன் மிக்கது.

எல்லைகளிலும் கவனம் வேண்டும். டாட்மார்டன் நகரத்தின் வழியாக அன்று லங்காஷயர், யார்க்‌ஷயர் எல்லை ஓடியது. 1875-இல் திறக்கப்பட்ட அதன் நகர மண்டபமே இரு மாவட்டங்களிலும் கால் ஊன்றி நின்றது. இங்கே மாவட்டக் கணக்கு ஒரே சமூகத்தை இரண்டாகப் பிளந்துவிடும். அதுபோல, பிறந்த ஊர் ‘ஹாலிஃபாக்ஸ்’ என்றிருந்தால் அது நகரமாக இருக்கலாம். ஹெப்டன்ஸ்டால், வாட்ஸ்வொர்த், வார்லி போன்ற ஊர்களை உள்ளடக்கிய மிகப் பெரிய ஹாலிஃபாக்ஸ் பாரிஷாகவும் (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட வட்டாரம்) இருக்கலாம்.

*பின்சேர்க்கை:* ஸ்மித், கிரீன் ஆகிய பெயர்களுக்கு இம்முறையைச் செய்து பார்த்த வாசகர்கள், மூல ஊர் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். கிடைக்காது. கொல்லர் இருந்த ஊர்தோறும் ஸ்மித் என்ற பெயர் தனித்தனியே தோன்றியிருக்கிறது. இம்முறை அரிதான ஊர்ப்பெயர்களுக்கே பொருந்தும்.

படி 4: பின்னோக்கிச் செல்லுதல்

1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் அரசிடம் உள்ளன. அவற்றின் அட்டவணையைத் தேட ஃப்ரீபிஎம்டி என்னும் இலவசத் தளம் போதும். அதற்கு முன், 1538-இல் வந்த ஆணையின்படி தேவாலயங்கள் வைத்த பதிவேடுகள் இருக்கின்றன. 1640-களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பல ஊர்களில் இவை அறுபட்டுக் கிடக்கும். அந்த இடைவெளியைக் கண்டு பெயரே மறைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 1660-களில் அடுப்புகளை எண்ணி விதித்த வரியின் பட்டியல்களில் அதே குடும்பம் மீண்டும் தென்படும்.

மேற்கு யார்க்‌ஷயருக்கு ஒரு பெரும் வாய்ப்பு உண்டு. 1379-ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியல் அப்பகுதிக்கு நன்றாக எஞ்சியிருக்கிறது. அதில் பெயருக்கு முன் ‘டி’ என்ற லத்தீன் முன்னிடை வந்தால், அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். 1881-இன் முதியவர்கள் காட்டிய ஊருக்கு அருகிலேயே 1379-இலும் அப்பெயர் நின்றால், தேடல் ஏறக்குறைய முடிந்தது.

அதற்கு மேலும் உறுதி வேண்டுவோர், தந்தைவழி இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனையை நாடலாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இதே வட்டாரத்தின் சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே ஒய் குரோமோசோம் வகையைக் கொண்டிருந்தனர். பல இடங்களில் தனித்தனியே தோன்றியதாகக் கருதப்பட்டு வந்த பெயர் அது. தத்தெடுப்பு போன்ற காரணங்களால் ஒரே மூலமுள்ள பெயரிலும் முடிவுகள் வேறுபடக்கூடும் என்பதால், மேற்கண்ட பதிவுகளை முடித்த பிறகே இச்சோதனைக்குச் செலவு செய்யுங்கள்.