ஓடுபாதையை அடையும் முன்பே நேரும் தவறுகள்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பைலட் படிப்புக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் இடி மின்னலையும் எஞ்சின் கோளாறையும் பற்றித்தான். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரையிலான சில நிமிடங்களைப் பற்றி எவரும் கேட்டதில்லை. ஆனால், அவசரத்தால் நேர்ந்த 125 சம்பவ அறிக்கைகளை நாசாவின் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு 1993-இல் ஆராய்ந்தபோது, பெரும்பான்மையான தவறுகள் புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தத்தின்போதே நிகழ்ந்திருந்தன. அவற்றின் விளைவு பல சமயங்களில் விமானம் மேலெழும்பும் நேரத்தில்தான் தெரியவந்தது.

மும்பையில் இந்த அவசரத்துக்குத் தனிக் காரணம் உண்டு. இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த முடிகிறது. ஒதுக்கிய நேரத்தைத் தவறவிட்டால் நீண்ட வரிசையில் காத்திருக்க வேண்டும். பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தால் விமானியின் மனம் இன்னும் பதறும்.

முதலில் தவிர்க்க வேண்டியது, பாதியில் நின்ற செக்லிஸ்டை, அதாவது புறப்படுமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலை, நினைவிலிருந்து தொடர்வது. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் விமானம் ஒன்று ஓடுபாதை வரை சென்று, ஒரு கோளாறால் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது. தாமதத்துக்குப் பின் மீண்டும் கிளம்பும்போது, செக்லிஸ்டில் ஃப்ளாப் பற்றிய வரியை எட்டும் தறுவாயில் நகர்வதற்கான அனுமதியைக் கேட்கும்படி கேப்டன் சொல்ல, அந்த வரி சரிபார்க்கப்படாமலேயே போயிற்று. விமானம் மேலெழும்ப உதவும் இறக்கை மடல்களான ஃப்ளாப்பும் (பின்விளிம்பு) ஸ்லாட்டும் (முன்விளிம்பு) விரிக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. 154 பேர் இறந்தார்கள். 1987-இல் டெட்ராய்ட்டில் ஓடுபாதை மாற்றத்தின் பரபரப்பில் விமானம் தரையில் நகரும்போது படிக்க வேண்டிய ‘டாக்ஸி’ செக்லிஸ்ட் விடுபட்டு, ஏறக்குறைய இதே விபத்து நடந்திருந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். விமானி அறையிலோ கை நுழைந்துவிட்டதாகவே மனம் நம்பிவிடுகிறது, அதுதான் பெரிய சிக்கல். ஆகவே குறுக்கீடு நேர்ந்தால் விட்ட இடத்தைத் தேடாமல் பட்டியலை முதல் வரியிலிருந்து படிப்பதே என் கட்சி. அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

விமானம் நகர்ந்துகொண்டிருக்கும்போது இரு விமானிகளும் ஒருசேரக் குனிந்து கணினியில் எண்களைத் திருத்துவதும் தவறு. ஓடுபாதை மாறியிருந்தால் வேகக் கணக்கும் மாறும்; அதை நின்று, பார்க்கிங் பிரேக் போட்டபின் செய்ய வேண்டும்.

கட்டுப்பாட்டு கோபுரம் சொன்னதைக் கேட்காமல், சொல்லும் என்று எதிர்பார்த்ததைக் கேட்பது மிகக் கொடிய தவறு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், பணிநேர வரம்பு நெருக்க, மூடுபனி சூழ, கேஎல்எம் விமானத்தின் கேப்டன் புறப்பாட்டு அனுமதி இல்லாமலே ஓட்டத்தைத் தொடங்கினார். ஓடுபாதையில் இன்னும் இருந்த பான் ஆம் விமானத்தின் மீது மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். அவருக்குக் கிடைத்திருந்தது பறந்தபின் எந்தப் பாதையில் செல்லலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே; அது வேறு, புறப்படலாம் என்ற அனுமதி வேறு. ஐயம் எழுந்தால் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. இதை முதலில் உணர வேண்டியவர் மூத்த கேப்டன்தான், ஏனென்றால் அவர் அவசரப்படும்போது துணை விமானியின் வாய் தானாக அடைபட்டுவிடுகிறது.

நம் ஊர் நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், தரைப் பணியாளர்கள் அருகிலிருந்து விலகுவதற்குள் விமானம் ஒன்று நகரத் தொடங்கியதால், தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு மாண்டார். இழுவை வண்டி விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் புஷ்பேக் முடிந்ததும், அப்போது முன்சக்கரத்தின் திருப்பும் இயக்கத்தைத் துண்டித்து வைத்திருந்து பிறகு கழற்றிய ஊசியை (பின்), அதில் தொங்கும் சிவப்பு நாடா தெரியும்படி, பணியாளர் தூக்கிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்துவார். அதை இரு விமானிகளும் கண்ணால் பார்த்து, பதிலுக்குக் கையசைத்து, அவரும் இழுவை வண்டியும் விலகியதை உறுதி செய்துகொண்ட பிறகே பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.